கேட்பாரற்ற சரக்கு: சர்வதேச ஒப்பந்தங்கள் சென்னையில் எதுவரை எட்டும்?

கேள்வி: பெய்ரூட் வெடிப்புக்குப் பிறகு, மணலியிலும் 700 டன் அமோனியம் நைட்ரேட் கிடக்கிறது என்று செய்தி வந்ததும் வடசென்னையே பதறியது. ரசாயனம், கிருமி, அணு என்று ஒவ்வொன்றுக்கும் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சென்னையில் வாழ்கிறவருக்கு அவற்றால் நடைமுறையில் என்ன பயன்? எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பதில்:

மணலியிலிருந்தே தொடங்கலாம். அங்கே கிடந்த சரக்கை நீங்கள் நினைக்கும் பெரிய ஆயுத ஒப்பந்தங்கள் எதுவும் தொடாது. ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் பட்டியல்களில் அமோனியம் நைட்ரேட் இல்லை. உரத்துக்கும் குவாரி வெடிமருந்துக்கும் போகிற பொருள் அது. கப்பலில் ஏறும்போது ஆபத்தான சரக்குகளுக்கான கடல்சார் விதித்தொகுப்பு அதற்கு ஐ.நா. எண் 1942, வகுப்பு 5.1 என்று அடையாளம் கொடுக்கிறது. உலக சுங்க அமைப்பு 2010-ல் தொடங்கிய 'குளோபல் ஷீல்டு' திட்டத்தில், வெடிகுண்டுக்குத் திருப்பிவிடக்கூடிய 14 ரசாயனங்களின் நடமாட்டத்தை நாடுகள் தங்களுக்குள் தெரிவித்துக்கொள்கின்றன. அந்த 14-ல் இது உண்டு. இந்தியக் கரையில் இறங்கியதும் 2012-ஆம் ஆண்டு அமோனியம் நைட்ரேட் விதிகள் பிடித்துக்கொள்ளும். எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அது கலந்திருந்தால், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்யவோ சேமிக்கவோ விற்கவோ முடியாது.

ஆக, காகிதத்தில் ஓட்டை இல்லை. 2015-ல் தென்கொரியாவிலிருந்து வந்த 740 டன்னைச் சுங்கத்துறை பிடித்துவைத்ததும் விதிப்படிதான். சிக்கல் பிடித்ததற்குப் பிறகு வந்தது. வழக்கு நடக்கிறது, இறக்குமதி செய்தவர் எடுக்க முடியாது, அரசு உடனே விற்கவும் முடியாது. 37 கன்டெய்னர்கள் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்து ஆண்டுகள் நின்றன. 2015 வெள்ளத்தில் ஒரு பகுதி நனைந்து வீணானது. 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் வெடித்த பிறகுதான் மிச்சமிருந்த 697 டன்னும் ஏலம் எடுத்தவரிடம் ஹைதராபாத்துக்கு லாரிகளில் கிளம்பியது.

பெய்ரூட் கதையும் இதன் அண்ணன்தான். 2013-ல் ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் போக வேண்டிய கப்பல் பெய்ரூட்டில் தடைபட்டது. முதலாளி கைகழுவினார். 2,750 டன்னும் 2014-ல் துறைமுகத்தின் 12-ஆம் எண் கிடங்குக்குள் போனது. என்ன செய்வது என்று கேட்டு சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்கள். சரக்கு நகரவில்லை. இறந்தவர்கள் 200-க்கும் மேல்.

இந்தத் துறை முழுக்க என் கணிப்பு ஒன்றுதான்: பூட்டும் பெயரும் கணக்கும் உள்ள பொருளை நாடுகள் சேர்ந்து ஓரளவு நன்றாகவே காக்கின்றன. 'இது யாருடையது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிற நாளில்தான் எல்லா ஒப்பந்தமும் தடுமாறுகிறது. மணலிக்குப் பிறகு 2021-ல் விதியைத் திருத்தினார்கள். இனி மூட்டையாக மட்டுமே இறக்குமதி, துறைமுக எல்லையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் சேமிப்பு, பிடிபட்ட சரக்கை ஏலம் விடச் சட்டபூர்வ வழி. கடைசி வரிதான் முக்கியமான திருத்தம். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போடவில்லை.

இனி ரசாயனத்துக்கு வருவோம். ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் 1997 ஏப்ரல் 29-ல் நடைமுறைக்கு வந்தது. 193 நாடுகள் உறுப்பினர். அதை நடத்தும் அமைப்பின் தலைமையகம் நெதர்லாந்தின் ஹேக் நகரில். உறுப்பு நாடுகள் கையிருப்பாக அறிவித்த ரசாயன ஆயுதங்களில் கடைசிக் குண்டு 2023 ஜூலையில் அமெரிக்காவில் அழிக்கப்பட்டது. இந்தியாவும் 1,044 டன் கந்தகக் கடுகு நச்சை (மஸ்டர்ட் கேஸ்) அறிவித்து, அல்பேனியா, தென்கொரியாவை அடுத்து மூன்றாவது நாடாக 2009-ல் முழுவதையும் அழித்து முடித்தது.

ஆனால் அம்பத்தூரிலோ மணலியிலோ ரசாயனக் கம்பெனி வைத்திருப்பவருக்கு ஒப்பந்தம் என்றால் ஆண்டுதோறும் கொடுக்கும் கணக்குதான். ஒப்பந்தத்தில் மூன்று பட்டியல்கள். முதலாவது, ஆயுதத்தைத் தவிர வேறு பயன் கிட்டத்தட்ட இல்லாதவை. ஒரு நாடு முழுவதுக்கும் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இரண்டாவதில் தயோடைகிளைக்கால் போன்றவை. பேனா மைக்கும் துணிச் சாயத்துக்கும் போகிற திரவம் அது. கடுகு நச்சுக்கு முந்தைய படியும் அதுவே. மூன்றாவதில் ட்ரைஎத்தனாலமைன் மாதிரி டன் கணக்கில் ஓடும் சரக்கு; அழகுசாதனத்திலிருந்து சிமென்ட் அரவை வரை அதற்கு வேலை உண்டு. மூன்றாம் பட்டியல் ரசாயனத்தை ஒரு ஆலை ஆண்டுக்கு 30 டன்னுக்கு மேல் தயாரித்தால் அறிவிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கரிம ரசாயனமானாலும் 200 டன்னைத் தாண்டினால் கணக்கில் வரும். ஹேக்கிலிருந்து ஆய்வாளர்கள் வரலாம். மூன்றாம் பட்டியல் ஆலை என்றால் 120 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு, 24 மணி நேர ஆய்வு. இரண்டாம் பட்டியல் என்றால் 48 மணி நேரம்தான் முன்னறிவிப்பு, ஆய்வோ 96 மணி நேரம் வரை போகலாம். அவர்கள் பார்ப்பது கொள்முதல் பில், உற்பத்திப் பதிவேடு, கிடங்கு இருப்பு மூன்றும் பொருந்துகிறதா என்றுதான். ஸ்டோர் கீப்பர் நோட்டில் ஒரு கணக்கு, கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு என்று வைத்திருக்கும் ஆலைதான் அன்றைக்குத் திண்டாடும்.

ஏற்றுமதி இன்னொரு வாசல். 1980-களில் இராக் ரசாயன ஆயுதம் செய்ததற்கான மூலப்பொருளில் பெரும்பங்கு சாதாரண வியாபாரமாகவே வாங்கப்பட்டது. அந்தப் பாடத்தில் 1985-ல் உருவானது, இப்படிப்பட்ட பொருள்களின் ஏற்றுமதியைச் சேர்ந்து கட்டுப்படுத்தும் நாடுகளின் 'ஆஸ்திரேலியா குழு'. இந்தியா அதில் 2018 ஜனவரியில் சேர்ந்தது. நம் ஊரில் அதன் கை, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் 'ஸ்கோமெட்' என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல். அதில் உள்ள பொருளைச் சென்னைத் துறைமுகம் வழியாக அனுப்ப உரிமமும், வாங்குகிறவர் எதற்குப் பயன்படுத்தப்போகிறார் என்ற உறுதிச்சான்றும் வேண்டும்.

இங்கே வழக்கமாகத் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, வணிகப் பெயர். கிளியரிங் ஏஜென்ட்டிடம் போகிற இன்வாய்ஸில் 'டெக்ஸ்டைல் ஆக்ஸிலியரி' என்று மட்டும் இருக்கும். உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒரே ரசாயனத்துக்குப் பத்துப் பெயர் இருக்கலாம், உலகம் முழுக்க அதை அடையாளம் காட்டும் சி.ஏ.எஸ். எண் ஒன்றுதான். தயோடைகிளைக்காலுக்கு அது 111-48-8. பட்டியலோடு ஒப்பிட வேண்டியது அந்த எண்ணை. இரண்டாவது, கடைசிப் பயனாளர். வாங்குகிறவர் ஒரு வியாபாரி, சரக்கு இறங்குவது வேறு ஒரு நாட்டின் சுதந்திர வர்த்தக மண்டலம், உண்மையில் பயன்படுத்துகிறவர் மூன்றாவது ஆள் என்றால், சான்றில் மூவர் பெயரும் வர வேண்டும். வாங்குகிறவர் தரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், பொருத்துவதற்கு ஆளும் வேண்டாமென்று, முழுப் பணத்தையும் முன்கூட்டியே தருகிறார் என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். கோப்பை நிறுத்திவைத்து இயக்ககத்திடம் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டு பேரழிவு ஆயுதச் சட்டப்படி தெரிந்தே அனுப்புவது குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அதற்குப் பணம் கொடுத்து உதவுவதும் குற்றம்.

குளோரின் எந்தப் பட்டியலிலும் இல்லையே, குடிநீர் சுத்திகரிப்பு நிலையம்தோறும் 900 கிலோ உருளைகளில் நிற்கிறதே என்று கேட்பீர்கள். அதைப் பட்டியலில் போட்டால் குடிநீர் நின்றுவிடும். அதனால் ஒப்பந்தம் நோக்கத்தைப் பிடிக்கிறது: எந்த நச்சு ரசாயனத்தையும் ஆயுதமாகப் பயன்படுத்தினால் அது ரசாயன ஆயுதம். சிரியாவில் குளோரின் பயன்பட்டதாக வந்த புகார்களை ஹேக் அமைப்பு விசாரித்தது இந்த விதியின் பலத்தில்தான்.

விபத்து வேறு விஷயம். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, சின்னகுப்பம், பெரியகுப்பம் மக்கள் இருட்டில் ஓடினார்கள். அதைத் தடுக்கும் சர்வதேச ஆய்வாளர் என்று ஒருவர் உலகில் இல்லை. பெரும் தொழில் விபத்துகளைத் தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 174-ஆம் உடன்படிக்கையை இந்தியா 2008-ல் ஏற்றது. அதை நடத்துவது நம் மாவட்ட நெருக்கடிக் குழுவும் ஆலையின் வெளிவளாக அவசரத் திட்டமும். அந்தத் திட்டம் கோப்பில் இருக்கிறதா, குப்பத்துக்காரர் கையில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம். அவர் கையில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: காற்று எந்தப் பக்கம் என்று பார், அதற்குக் குறுக்கே நட, காற்றோடு சேர்ந்து ஓடாதே. அமோனியா தண்ணீரில் கரையும், ஆகவே ஈரத்துணியை மூக்கில் கட்டு. அமோனியா காற்றைவிட இலேசு என்று பள்ளியில் படித்ததை நம்பித் தரையில் படுத்துக்கொள்ளவும் கூடாது. மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது, கசியும்போது குளிர்ந்த வெண்பனியாகத் தரையை ஒட்டியே பரவும். குளோரினோ காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம். அதற்கு மாடி ஏறுவதே வழி.

அணுப் பொருள் என்றால் எல்லோரும் கல்பாக்கத்தை நினைக்கிறார்கள். அங்கே வேலியும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையும் 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அவசரத் திட்டமும் உண்டு. சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு வெளியே இருக்கின்றன, கூடங்குளம் உள்ளே இருக்கிறது என்பது வேறு விவாதம். வெளியே இருப்பதால் ஒத்துழைப்பே இல்லை என்றும் அர்த்தமில்லை. 1988-ல் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ல் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் சண்டையும் அதை நிறுத்தவில்லை.

நகரவாசிக்கு நெருக்கமான ஆபத்து காயலான் கடையில் இருக்கிறது. ஆலைகளில் தொட்டியின் மட்டம் பார்க்கும் கருவியில் சீசியம்-137, வெல்டிங் சோதிக்கும் ரேடியோகிராபி கேமராவில் இரிடியம்-192, மருத்துவமனையின் பழைய சிகிச்சை இயந்திரத்தில் கோபால்ட்-60. இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகும். கோபால்ட்டுக்கு அது 5 ஆண்டும் சொச்சமும். சீசியத்துக்கு 30 ஆண்டு. ஆலை மூடப்படுகிறது, வங்கி கையகப்படுத்துகிறது, ஏலத்தில் 'பழைய இரும்பு, லாட் நம்பர் இத்தனை' என்று போகிறது. ஈயக் கவசம் நல்ல கனம், எடைக்கு நல்ல விலை. வாங்கினவர் முதலில் உடைப்பது அதைத்தான்.

1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்த சீசியம் நான்கு பேரைக் கொன்றது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் வீட்டுக்கு வீடு பங்கு போட்டார்கள். 2010-ல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த கருவி ஏலத்தில் போய், உள்ளிருந்த கோபால்ட்-60 குச்சிகள் கடைகடையாகப் பிரிந்தன. ஒருவர் இறந்தார். 2008-ல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 அகப்பட்டபோது அந்த இரும்பு இந்தியாவிலிருந்து போனது என்று தெரிந்தது. யாரோ எங்கோ ஒரு கதிரியக்க மூலத்தைத் தெரியாமல் உலையில் போட்டு உருக்கியிருக்கிறார்கள். ஒத்துழைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை.

சென்னைக்கு வரும் பழைய இரும்புக்கு, கதிரியக்கமும் வெடிபொருளும் இல்லை என்று ஏற்றுமதியாகும் நாட்டிலேயே சான்று வாங்க வேண்டும். இங்கே துறைமுக வாயிலில் இரண்டு தூண்களுக்கு நடுவே லாரி மெதுவாக ஊர்ந்து போகும், தூண்களுக்குள் உணர்கருவிகள். மணி அடித்தால் உடனே குண்டு என்று அர்த்தமில்லை. பொட்டாஷ் உரம், டைல்ஸ், கிரானைட், சிர்கான் மணல் எல்லாமே இயற்கைக் கதிரியக்கத்தால் மணி அடிக்க வைக்கும். முந்தின நாள் ஐசோடோப் ஸ்கேன் எடுத்துக்கொண்ட டிரைவரே போதும். வித்தியாசம் தெரிவது கருவி காட்டும் கோட்டுப்படத்தில்: கிரானைட் லோடு என்றால் வண்டியின் முழு நீளத்துக்கும் மேடு பரவலாக இருக்கும், மூலம் என்றால் ஒரே இடத்தில் ஊசியாக எழும்பும். அடிக்கடி பொய்மணி அடிக்கிறது என்று அளவை உயர்த்திவைக்கும் இரும்பு ஆலைகள் உண்டு. தூண் வாங்கிய காசை அவர்கள் தண்ணீரில் போட்டதுபோலத்தான்.

மணி அடித்தால் லாரியை இன்னொரு தடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மறுபடி அடித்தால் தனியாக நிறுத்தி டிரைவரை இறக்குங்கள். கைக்கருவி இருந்தால் வெளியிலிருந்து உள்ளே வந்தபடி அளந்து, மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சு காட்டும் கோட்டில் கயிறு கட்டுங்கள். கருவி இல்லையென்றால் சுற்றிலும் 30 மீட்டர். தூரம் இலவச மருந்து: ஒரு மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்குப் போனால் அளவு நூறில் ஒன்றாகும். தொட்டவர்கள் கை கழுவும் வரை சாப்பிடவோ பீடி பிடிக்கவோ வேண்டாம். அவர்கள் பெயர், தொட்ட நேரம் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அது ரத்தப் பரிசோதனையைவிட முதலில் உதவும். வாந்தி சில மணி நேரத்தில் வரலாம். தோல் சிவப்பது நாள் கழித்துத்தான் வரும், சொல்லாவிட்டால் அலர்ஜி என்று களிம்பு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 112-க்கும், சென்னையில் தென்மண்டல மையம் வைத்திருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் சொல்லுங்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது.

செய்யவே கூடாத ஒன்று, 'இந்த லோடு வேண்டாம்' என்று அதே லாரியைத் திருப்பி அனுப்புவது. மணி அடிக்காத ஒரு யார்டைத் தேடி அது போய்விடும். நாடுகளும் இதே தப்பைச் செய்கின்றன. 2010 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் செப்புக் கழிவோடு வந்த ஒரு கன்டெய்னருக்குள் கோபால்ட்-60 இருந்தது. யார் பொருள், யார் செலவு என்று முடிவாகாமல் சுமார் ஓராண்டு மற்ற கன்டெய்னர்களைச் சுற்றி அடுக்கிச் சுவர்போல் நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைசியில் ரோபோ திறந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. சோவியத் உடைந்தபோது கஜகஸ்தானின் ஒரு ஆலைக் கிடங்கில் சுமார் 600 கிலோ உயர்செறிவு யுரேனியம் மாட்டிக்கொண்டது. புதிய நாட்டுக்கு அதை வைத்திருக்க விருப்பமும் இல்லை, காக்க வசதியும் இல்லை. 1994-ல் கஜகஸ்தானும் அமெரிக்காவும் பேசி, நிபுணர்கள் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிப் பெட்டி பெட்டியாக அடைத்து விமானத்தில் எடுத்துப் போனார்கள். உரிமையாளர் 'எங்களால் முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொன்னதுதான் அங்கே நடந்த அதிசயம்.

உயிரியல் பக்கம் ஒப்பந்தம் மிகவும் ஒல்லி. 1975-ல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுத உடன்படிக்கைக்கு ஆய்வாளர் கிடையாது. சரிபார்ப்பு ஏற்பாட்டுக்கான பேச்சு 2001-ல் முறிந்தது. ஜெனீவாவில் விரல் விட்டு எண்ணும் அளவு ஊழியர்கள். காரணமும் புரியக்கூடியதே. ரசாயனத்தை டன்னில் எண்ணலாம்; கிருமி ஒரு குப்பியிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பெருகும், எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? நடைமுறையில் வேலை செய்வது 2007 முதல் அமலில் உள்ள சர்வதேச சுகாதார விதிகள்தான்: சந்தேகத்துக்குரிய நிகழ்வை 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட்டு, அதன்பின் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார அமைப்புக்குச் சொல்ல வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு வாங்கும் மஞ்சள் அட்டை அந்த விதிகளின் பிள்ளை. ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும்.

ஆய்வக மாதிரியைக் கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.நா. எண் 3373 (வழக்கமான நோய்ப் பரிசோதனை மாதிரி) என்றால் மூன்று அடுக்குக் கட்டு: கசியாத குப்பி, அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாவது உறை, வெளியே உறுதியான பெட்டி. உலர்பனி எப்போதும் இரண்டாவது உறைக்கு வெளியேதான், பெட்டியும் காற்றுப் போக வழியோடு. 'டைட்டா ஒட்டுங்க' என்று டேப் சுற்றினால் ஆவியாகும் கார்பன் டை ஆக்சைடு பெட்டியை வெடிக்க வைக்கும்.

இங்கும் பயமுறுத்துவது மறந்துபோன பொருள்தான். உலகில் பெரியம்மை வைரஸ் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டுமே இருக்கலாம் என்பது ஏற்பாடு. 2014-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஒரு குளிர் அறையைக் காலி செய்தபோது, 1950-களில் வைத்த பெரியம்மைக் குப்பிகள் ஆறு கிடைத்தன. அறுபது ஆண்டாக எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பேராசிரியர் ஓய்வு பெறும்போது ஃபிரீசரைப் பெயர் பெயராக எண்ணி ஒப்படைக்கச் சொல்லும் கல்லூரி எத்தனை?

கதிரியக்கக் கருவி உள்ள ஆலையை மூடுகிறவர்களுக்கும் அதுவே. ஏல நோட்டீஸ் போடும் முன்னால் ஒழுங்குமுறை வாரியத்தின் 'ஈ-லோரா' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மூலம் இருக்கிறது என்று பாருங்கள். கருவியின் வரிசை எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வாரியத்தின் அனுமதி பெற்று, விற்ற கம்பெனிக்கோ மும்பையில் உள்ள கதிரியக்க, ஐசோடோப் தொழில்நுட்ப வாரியத்துக்கோ அனுப்பி, பெற்றுக்கொண்ட ரசீதைத் தளத்தில் ஏற்றுங்கள். அதன் பிறகு மற்ற இரும்பை விற்கலாம்.